சீன துப்பறியும் சீரியல் பாக்கப் போறீங்களா? அப்ப இப்படிப் பாருங்க

எங்க அப்பத்தாவுக்கு சீனமும் தெரியாது, இங்கிலீஷ் சப்டைட்டில் படிக்கவும் தெரியாது. போன மாசம் நான் ஹால்ல ஒக்காந்து ஒரு சீன துப்பறியும் சீரியல் பாத்துக்கிட்டு இருந்தப்ப வெத்தலைய மடிச்சுக்கிட்டே வந்து பக்கத்துல ஒக்காந்துச்சு, ஒரு பத்து நிமிசம் பாத்துச்சு, "இந்தா அழுகுறான் பாரு, இவன்தாண்டா பண்ணிருக்கான்"னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருச்சு. நான் அதுக்கப்பறம் மூணு எபிசோட் முழிச்சிருந்து பாத்து அதே ஆளுகிட்டதான் போய் நின்னேன். எந்த சீரியல், எந்த கேஸுன்னு சொல்ல மாட்டேன், சொன்னா பாக்கப்போறவங்க என்னைய அடிப்பீங்க.

அதுல இருந்து எங்க தெருவுல எனக்கு "சீன சீரியல்காரன்"னு பேரு ஆயிப்போச்சு. எது பாக்க, எங்கிட்டு ஆரம்பிக்க, நல்லாருக்குமா மொக்கையான்னு ஆளாளுக்கு கேக்குறாங்க, மாப்ள ஒருத்தன் ரெண்டு எபிசோட் பாத்துட்டு "பேரே மண்டைல நிக்கல, எல்லாரும் ஒரே மாதிரி கொண்டை போட்டுருக்கான்"னு விட்டுட்டான், அதனால மொத்தமா ஒரு தடவ எழுதிப் போட்டுர்றேன்.

ஆரம்பிக்கிறதுக்கு நான் சொல்றது 2022ல வந்த ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ் ஆஃப் தாங் டைனஸ்டி. ஐச்சியி கம்பெனி எடுத்தது, 36 எபிசோட், 8 கேஸ். ஆக ஒரு கேஸுக்கு சராசரியா நாலஞ்சு எபிசோட் வருது, இத மனசுல வச்சுக்கோங்க, எப்படி பாக்கணும்ங்கறதே இந்தக் கணக்குலதான் இருக்கு. தனித்தனி எபிசோடா தெனம் ஒண்ணுன்னு பாத்தீங்கன்னா மூணாவது நாள் மொத நாள் செத்தவன் யாருன்னு மறந்துரும். ஒரு கேஸ ஒரு படமா நெனச்சுக்கங்க, சனிக்கெழம ராத்திரி ரெண்டு, ஞாயித்துக்கெழம மத்தியானம் கறிச்சோறு தின்னுட்டு மிச்சம், கேஸ் முடிஞ்சா ஆஃப் பண்ணிட்டு அடுத்த வாரம். அடுத்த கேஸோட மொத எபிசோட மட்டும் தொட்டுறாதீங்க, தொட்டா விடிஞ்சுரும்.

கதை நடக்குறது தாங் வம்ச காலம், அதாவது எட்டாம் நூத்தாண்டு தொடக்கம், பேரரசி வூ சதியான் காலம் முடிஞ்ச கொஞ்ச நாள்ல. அந்தம்மா 690ல தானே பேரரசரா முடிசூடி 705 வரைக்கும் ஆண்டுச்சு, சீன வரலாத்துலயே தன் பேர்லயே சிம்மாசனம் ஏறுன ஒரே பொம்பள. அவங்ககிட்ட மந்திரியா இருந்தவரு தி ரென்ஜியே, 630ல பொறந்து 700ல எறந்தாரு, நெசமான ஆளு. நீதித்துறைல வேலை பாக்கும்போது ஒரே வருசத்துல 17,000 பேரு சம்பந்தப்பட்ட தேங்கிக்கெடந்த வழக்குகள முடிச்சாருன்னும் ஒருத்தரு கூட எனக்கு அநியாயம் நடந்துச்சுன்னு புகார் சொல்லலன்னும் 'பழைய தாங் வரலாறு'ங்கற புத்தகம் சொல்லுது. இத நம்ம ஜில்லா கோர்ட்டு வாசல்ல டீ குடிச்சுக்கிட்டு இருக்குற யார்கிட்டயாவது சொல்லிப் பாருங்க, சிரிச்சே செத்துருவாங்க. இந்த சீரியலோட ஹீரோ சூ வூமிங் அந்த தி ரென்ஜியேவோட சிஷ்யன்னு கதைல வச்சுருக்காங்க.

பேரு கொழப்பத்துக்கு வழி சொல்றேன். சீனப் பேருல குடும்பப் பேரு மொதல்ல வரும், நம்ம இனிஷியல் மாதிரின்னு வச்சுக்கங்க, அதனால சூ, லூ, பெய், ஃபெய்னு மொத அசைய மட்டும் புடிச்சுக்கோங்க போதும். சூன்னா புத்திக்காரன், சண்டை தெரியாது. லூ லிங்ஃபெங்ன்னா சண்டைக்காரன், தலைநகரத்துக் காவல்படைல தளபதி, செம திமிரு. பெய் சிஜுன்னா மந்திரி வீட்டுப் பொண்ணு, சாட்சி சொல்றத வச்சே குற்றவாளி மொகத்த வரையும். ஃபெய்ன்னா டாக்டர், சாப்பாட்டு ராமன். இந்த நாலு பேரு போதும், மத்தவங்கள தொப்பி, தாடி, ஜரிகைன்னு நீங்களே பட்டப்பேரு வச்சுக்கோங்க, நாங்க வீட்ல "மஞ்ச சட்டை", "ஒத்தப்புருவம்"னுதான் பேசிக்குவோம். நேரத்துக்கு ஒரு கணக்கு வச்சுருக்காங்க, ஷிச்சென்னு. ஒரு நாளைக்கு 12 ஷிச்சென், ஒண்ணு ரெண்டு மணி நேரம். நம்ம நாழிகை 24 நிமிசம், அப்ப ஒரு ஷிச்சென்னா சரியா அஞ்சு நாழிகை, இத தெரிஞ்சுக்கிட்டா "அரை ஷிச்சென்ல பொணம் எப்படி அங்க போச்சு"ன்னு அவன் கேக்கும்போது நமக்கும் பகீர்ங்கும்.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வர்றேன். குற்றவாளி யாருன்னு கண்டுபுடிக்கிறதுக்காக இந்த சீரியல பாக்காதீங்க. பாத்தா ஏமாந்துருவீங்க, ஏன்னா அதுதான் இதோட பலவீனமான எடம். பழைய சீனக் கேஸ் கதைகள்ல பல நேரம் குற்றவாளி யாருன்னு ஆரம்பத்துலயே சொல்லிருவாங்களாம், எப்படி மாட்டுறான், நீதிபதி எப்படி புடிக்கிறாருங்கறதுதான் அவங்களுக்கு ருசி. 1949ல ஒரு பழைய தி ரென்ஜியே கதைய இங்கிலீஷ்ல கொண்டுவந்த டச்சுக்காரரு ராபர்ட் வான் கூலிக் இத வெலாவாரியா எழுதிருக்காரு. அந்தப் பழக்கம் இன்னிக்கி எடுக்குற சீரியல் வரைக்கும் ரத்தத்துல இருக்கு.

இது நமக்கு ஒண்ணும் புதுசு இல்ல. மதுரைல நடந்த பெரிய கேஸே அப்படித்தான. பாண்டிமாதேவி செலம்பு காணாமப் போச்சு, எடுத்தது பொற்கொல்லன்னு கத கேக்குற எல்லாருக்கும் தெரியும், ட்விஸ்ட்டே கெடையாது. இருந்தும் ரெண்டாயிரம் வருசமா சொல்லிக்கிட்டு இருக்கோம்னா எதுக்கு? ராசா வெசாரிக்காம தீர்ப்பு குடுத்தான்ல, அங்கதான் வயிறு எரியுது. கண்ணகி வந்து செலம்ப ஒடச்சப்ப உள்ள முத்து வரல, மாணிக்கம் தெறிச்சுச்சு, அவ்ளதான் தடயம், கேஸ் முடிஞ்சுச்சு. தடயத்த மொதல்லயே ஒடச்சுப் பாத்துருந்தா கோவலன் உசுரோட இருந்துருப்பான். சீன சீரியல பாக்க ஒக்காரும்போது இந்தக் கண்ணோட ஒக்காருங்க. யாரு பண்ணான்னு கேக்குறத விட்டுட்டு எவன் எந்த எடத்துல வெசாரிக்காம விட்டான், எந்த அதிகாரி எதுக்காக கண்ண மூடிக்கிட்டான்னு பாருங்க. அப்பதான் சீரியலோட நெசமான பலம் தெரியும்.

அந்த பலம் என்னன்னா ஊரு. தாங் தலைநகரம் சாங்ஆன், மதுரை மாதிரி கோயில சுத்தி சுத்தி தெரு போட்ட ஊரு கெடையாது, சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் கட்டமா பிரிச்ச ஊரு. 108 பேட்டை, ஒவ்வொரு பேட்டைக்கும் தனி மதிலு, தனி கதவு. அந்தியில முரசு அடிச்சா கதவச் சாத்திருவாங்க, அதுக்கப்பறம் பெரிய தெருவுல காரணமில்லாம நடந்தா 20 பிரம்படி, சட்டத்துலயே இருக்கு. சந்தைக்கும் நேரம் உண்டு, நண்பகல்ல 300 தடவ முரசு அடிச்சு தெறப்பாங்க, பொழுதடையறதுக்கு முன்னாடி 300 தடவ சேகண்டி அடிச்சு மூடுவாங்க. நம்மூர்ல சங்க காலத்துலயே நாளங்காடி அல்லங்காடின்னு ராத்திரியும் கடை போட்டவய்ங்க, இப்பவும் நடுராத்திரி ஒரு மணிக்கு இட்லியும் நாலு வகை சட்னியும் கெடைக்கிற ஊருக்காரனுக்கு இது வேற ஒலகம். ஆனா துப்பறியுற கதைக்கு இத விட என்ன வேணும் சொல்லுங்க? ஊரே பூட்டிக்கெடக்கும்போது ஒருத்தன் ஒரு பேட்டைல இருந்து இன்னொரு பேட்டைக்கு போயிருக்கான்னா ஒண்ணு அவன்கிட்ட அனுமதிச் சீட்டு இருக்கணும், இல்ல காவக்காரன் கூட்டாளியா இருக்கணும், இல்ல பூமிக்கு அடில வழி இருக்கணும். மொத கேஸ், சாங்ஆன் செந்தேநீர் கேஸ், கல்யாணப் பொண்ணுங்க காணாமப் போறதுல ஆரம்பிக்கும், அத பாக்கும்போது இந்த மூணையும் மனசுல ஓட்டிக்கிட்டே இருங்க.

இன்னொரு பலம் சூவும் லூவும். ஒருத்தன் பைய நடக்குறான், ஒருத்தன் வாள உருவுறான், இது எல்லா ஊரு படத்துலயும் இருக்குற ஜோடிதான், இதுல புதுசு என்னன்னா மொத கேஸ் முடிஞ்சதும் லூவோட பதவி போயிருது. அதுவரைக்கும் அதட்டிக்கிட்டு இருந்தவன் அதுக்கப்பறம் சூ போற ஊருக்கு கூடவே போக வேண்டிய நெலம. சஸ்பெண்ட் ஆன ஆபீஸர் பழைய கிளர்க்குக்கு கீழ ஒக்காந்தா எப்படி இருக்கும், அந்த மொகம். அந்த நடிகரு யாங் சூவென் இத நல்லா பண்ணிருக்காரு, சிரிப்பும் வருது பாவமாவும் இருக்கு. ரெண்டாவது கேஸ், பாழடைஞ்ச சத்திரத்துல ஒரு ராத்திரி, அதுதான் எனக்குப் புடிச்சது. மூணாவது கேஸுல ஒரு ஓவியம் வரும், அதுல வரைஞ்சுருக்குற ஆளுங்க ஒவ்வொருத்தரா சாவாங்க, ஆரம்பம் ரொம்ப நல்லா இருக்கும், முடிவப் பத்தி அப்பறம் நாம தனியா பேசிக்குவோம்.

சரி, குறை. நெறய இருக்கு.

பேய் மாதிரி காட்டி பில்டப்ப ஏத்திட்டு கடைசில "அது பேய் இல்ல, மயக்கப் பொகை"ன்னு முடிக்கிறது. சீன சீரியல்ல நெசமான பேய காட்டுறதுக்கு பெரும்பாலும் சென்சார்ல எடம் கெடையாது, அதனால எத காட்டுனாலும் கடைசில ஒரு வெளக்கம் குடுத்தாகணும். வெளக்கம் நல்லாருந்தா சரி, ஆனா ஊதுபத்தில மயக்க மருந்து, மொகத்துல இன்னொருத்தன் மொகத்தோல் மாட்டிக்கிட்டு வர்றது, சுவத்துக்குள்ள ரகசிய வழி, இந்த மூணையும் இந்த மாதிரி சீரியல் எல்லாத்துலயும் தேய்ச்சுத் தேய்ச்சு ஓட்டாண்டி ஆக்கிட்டாங்க. இதுக்கு நான் பண்றது என்னன்னா கேஸோட கடைசி எபிசோடுக்கு முன்னாடி நிறுத்தி ஒரு பேப்பர்ல எழுதிருவேன், யாரு, எதுக்கு, எப்படின்னு மூணு வரி. அப்பறம் கடைசி எபிசோட பாத்துட்டு, அவன் சொல்ற தடயம் நமக்கு முன்னாடியே காட்டுனதா, இல்ல கடைசி நேரத்துல மடிக்குள்ள இருந்து எடுக்குறானான்னு டிக் அடிப்பேன். காட்டுன தடயத்துலயே முடிஞ்சா நல்ல கேஸு, மடில இருந்து வந்தா ஏமாத்து. என் கணக்குல பாதிக்குப் பாதிதான் தேறுச்சு.

அப்பறம் வில்லன் ஒப்புக்கிறது. மாட்டுனதும் ஓட மாட்டான், நின்னு பொறந்ததுல இருந்து கதை சொல்லுவான், பிளாஷ்பேக், மழை, அம்மா சாவு, புல்லாங்குழல். அந்த எடத்துல மட்டும் ஸ்பீட 1.5ல வைங்க, ஒண்ணும் கொறஞ்சுறாது. மத்த எடத்துல ஸ்பீடு ஏத்தாதீங்க, முக்கியமா வெசாரணை சீன்ல, அங்க மூஞ்சிதான் தடயம். இளவரசனும் இளவரசியும் பதவிக்கு மோதிக்கிற அரசியல் நடுநடுவுல வரும், அது ஊறுகா மாதிரி கொஞ்சம் தொட்டுக்கலாம், புரியலன்னா வருத்தப்பட வேணாம். கிராபிக்ஸ் மிருகம் வர்ற எடம் இன்னும் மோசம், ராட்சச முதலைய சாமியா கும்புடுற ஊரு ஒண்ணு வருது, கேஸோட யோசனை அருமையானது, ஒரு ஊரே பயந்து பயந்து வாழ்றத நல்லா எழுதிருக்காங்க, ஆனா முதல வாயத் தொறந்ததும் எங்க வீட்ல எல்லாரும் சிரிச்சுட்டோம். ஒளியும் பிரச்சனை, பாதி சீன் வெளக்கு வெளிச்சத்துல எடுத்துருக்காங்க, போன்ல பகல்ல பாத்தா கருப்புக் கம்பளிதான் தெரியும், டிவில ராத்திரி லைட்ட அணச்சுட்டுப் பாருங்க.

சீரியல் சொல்றத எல்லாம் நம்பிறாதீங்க, அது இன்னொரு பாடம். வெள்ளி ஊசிய சோத்துல குத்தி கறுத்துச்சுன்னா வெசம்னு சொல்றது சீன சீரியல் பூராம் வரும். வெள்ளி கறுக்குறது கந்தகத்தால. அந்தக் காலத்துல பாஷாணத்த, அதாவது ஆர்சனிக்க, சுத்தமா பிரிக்கத் தெரியாது, அதுல கந்தகம் கலந்துருக்கும், அதனால கறுத்துச்சு. சுத்தமான பாஷாணத்துல ஊசி பளபளன்னு அப்படியே இருக்கும், ஆனா அவிச்ச முட்டை மஞ்சக்கருவுல வச்சா கறுத்துரும், அப்ப முட்டை வெசமா? நான் இத செஞ்சே பாத்துட்டேன், வீட்டம்மாவோட கொலுசு, தெற்கு ஆவணி மூல வீதில வாங்குனது, ராத்திரி மஞ்சக்கருவுக்குள்ள பொதச்சு வச்சேன், காலைல கரின்னா கரி. அதுக்கு நான் வாங்குனது தாங் சட்டத்துல இருக்குற 20 அடிக்கு மேல இருக்கும். அலுமினியத் தாள விரிச்சு சோடா உப்பு போட்ட சுடுதண்ணில முக்குனதும் திரும்பிருச்சு, பயப்படாதீங்க. அதே மாதிரிதான் ரெண்டு பேரு ரத்தத்த தண்ணில விட்டு ஒண்ணு சேந்துச்சுன்னா அப்பன் மகன்னு சொல்றதும், யாரு ரத்தத்த விட்டாலும் தண்ணில கலக்கத்தான் செய்யும்.

இந்த சீரியல் முடிஞ்சு இன்னும் வேணும்னா, பொறுமை இருக்குறவங்க 2005ல வந்த சோங் காலத்து நீதிபதி சீரியலுக்கு போங்க, இங்கிலீஷ்ல ஜட்ஜ் ஆஃப் சோங் டைனஸ்டி, 52 எபிசோட், சோங் ட்சுவா நடிச்சவரு ஹே பிங். படம் பழசு, இழுவை, பின்னணி இசை காதக் கிழிக்கும், ஆனா துப்பு வேலைல இதுதான் ஒசத்தி. சோங் ட்சுவும் நெசமான ஆளு, 1186ல இருந்து 1249 வரைக்கும் வாழ்ந்தவரு, பொணத்த எப்படி சோதிக்கணும்னு 1247ல ஒரு புத்தகமே எழுதிருக்காரு. அதுல வர்ற கதிரறுவா கேஸ் ஒலகம் பூரா தடயவியல் படிக்கிறவங்களுக்குத் தெரியும். கிராமத்துல ஒருத்தன வெட்டிப் போட்டுருக்கு, ஒடம்புல பத்துக்கும் மேல வெட்டு, காசு போகல, வெட்டப் பாத்தா அறுவா மாதிரி இருக்கு. அதிகாரி ஊருல இருக்குற அறுவா எல்லாத்தயும் கொண்டாந்து வெயில்ல வரிசையா வைக்கச் சொன்னாரு. கழுவித் தொடச்சு வச்ச அறுவாதான், ஆனாலும் ஒண்ணே ஒண்ணுல மட்டும் ஈ மொய்ச்சுச்சு. கடன் தகராறுல வெட்டுனவன் அதோட சொந்தக்காரன். நம்ம பக்கம் மேலூரு, உசிலம்பட்டின்னு வயக்காட்டுல கதிரறுவா புடிச்சு வளந்தவங்களுக்கு இந்தக் கேஸ வெளக்க வேண்டியதே இல்ல. எரிஞ்ச பொணத்துக்கும் ஒரு சோதனை சொல்லிருக்காரு, வாய்க்குள்ள சாம்பல் இருந்தா உசுரோட எரிஞ்சது, இல்லன்னா கொன்னுட்டு எரிச்சது. அதுக்கும் முன்னாடியே ஒரு அதிகாரி ரெண்டு பன்னிய வச்சு, ஒண்ண கொன்னு ஒண்ண உசுரோட எரிச்சுக் காட்டி நிரூபிச்சாராம், பன்னி பாவம்.

2004ல வந்த தி ரென்ஜியே சீரியலு சீனாவுல பெரிய ஹிட்டு, லியாங் குவான்ஹுவா தொப்பையோட மந்திரியா வருவாரு, "யுவான்ஃபாங், நீ என்ன நெனைக்கிற?"ன்னு தன் மெய்க்காவலன கேக்குறது 2012ல அங்க இன்டர்நெட் பூரா மீம் ஆச்சு. ஆனா புதுசா பாக்குறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன், சின்னக் கொலைல ஆரம்பிச்சாலும் நாட்டக் கவுக்குற சதிலதான் கொண்டுபோய் விடுவாங்க, சண்டையும் அதிகம். மொத ரெண்டும் புடிச்சுப்போயி பைத்தியம் ஆயிட்டீங்கன்னா நீங்களே தேடிப் போயிருவீங்க.

சப்டைட்டில் படிக்க முடியாத பெருசுங்க வீட்ல இருந்தா அவங்களயும் ஒக்கார வைங்க, கேஸ் ஆரம்பத்துல மட்டும் யாரு செத்தா, யாரு அதிகாரின்னு ரெண்டு வரி சொல்லிருங்க, நடுவுல வாயத் தொறக்காதீங்க. அவங்க சொல்ற ஆள உங்க பேப்பர்ல எழுதிக்கோங்க.

இந்த சூ வூமிங் பேரு சீரியல்காரங்க புதுசா வச்சது இல்ல, தாங் காலத்துக் கதைலயே இருக்கு. பேரரசி வூ தன் மக தாய்பிங்குக்கு குடுத்த நகை பூராம் களவு போச்சு. பேரரசி லுவோயாங் அதிகாரிய கூப்புட்டு மூணு நாள்ல புடிக்கலன்னா தண்டனைன்னாங்க, அவரு கீழ இருக்குறவங்கள ரெண்டு நாள்ல புடிக்கலன்னா சாவுன்னாரு, அவங்க காவக்காரங்கள ஒரு நாள்ல புடிக்கலன்னா மொத சாவு உங்களுதுன்னாங்க. அங்க வந்த சூ, எனக்கு நாள் கணக்கு வேணாம்னு கேட்டு வாங்கிக்கிட்டான். சமாதிக்குப் படைக்கிற பண்டிகை வந்துச்சு. பத்துப் பன்னெண்டு வெளிநாட்டு ஆளுங்க துக்கத் துணி உடுத்திக்கிட்டு ஊருக்கு வெளிய போனா பின்னாடியே போங்கன்னு ஆள் அனுப்புனான். அவங்க புதுசா மூடுன ஒரு சமாதில போய் படையல் வச்சு அழுதாங்க, அழுகைல துக்கம் இல்ல, அப்பறம் சமாதிய சுத்தி வந்து ஒருத்தன ஒருத்தன் பாத்து சிரிச்சாங்க. தோண்டுனா சவப்பெட்டில பொணம் இல்ல, நகை.

இத நான் அப்பத்தாகிட்ட சொன்னேன். நாப்பது அம்பது வருசமா சுத்துப்பட்டி எழவு வீடெல்லாம் போய் ஒப்பாரி வச்ச மனுசி. அசையவே இல்ல, வெத்தலைச் சாற துப்பிட்டு வந்து, "அது தெரியாமயா இருக்கும், ஒப்புக்கு அழுகுறவன் கண்ணு தரைல நிக்காது, யாரு வந்துருக்கா போயிருக்கான்னு சுத்தும்"னுச்சு. அப்பறம் ரிமோட்ட என் பக்கம் தள்ளி, "அடுத்தத போடு. அந்த முதல வர்றது மட்டும் வேணாம்."